சரித்திர மூலங்களை இணையத்தில் தேடுதல்

சில மாதங்களுக்கு முன் வெளிவந்த நம் இதழொன்றில் பண்டைத் தமிழ்க் கிராமத்தாரின் தேர்தல் முறையைப் பற்றி யாம் ஒரு வியாசம் வரைந்திருந்தமை உங்களிற் பலர்க்கு நினைவிருக்கலாம். ஆயிரத்து நூறு வருஷங்கட்கு முன்னரே நம் நாட்டுக் கிராமத்தார் அனைவரும் ஓட்டளித்துத் தம் தலைவரைத் தேர்ந்தெடுத்தனர் என்றும், அதற்கு உத்தரமேரூர்க் கல்வெட்டே போதிய சான்று என்றும் அதில் மிக்க பெருமிதத்தோடு எழுதியிருந்தோம். அவ்வியாசத்தைப் பாராட்டி வந்த கடிதங்கள் பல. அவற்றால் யாம் மகிழ்ந்திருந்த வேளையிலேதான், சங்கக் கட்டிடத்தில் ஞாயிறுதோறும் நடைபெறும் பிள்ளைகள் வகுப்பிலே ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து, “ஐயா, பெண்களும் ஓட்டுப் போட்டார்களா? கூலிக்கு உழுதவர்களும் போட்டார்களா?” என்று வினவினாள். “அனைவரும் என்றால் அனைவருந்தான், அம்மா” என்றோம். அவள் விடவில்லை. “கல்வெட்டில் அப்படியே எழுதியிருக்கிறதா, ஐயா?” என்றாள்.

உண்மையைச் சொல்லிவிடுகின்றோம். யாம் அக்கல்வெட்டைப் படித்ததில்லை. கல்வெட்டைப் பற்றி ஒருவர் எழுதிய நூலைப் படித்திருந்தோம். அவரோ மற்றொருவர் நூலைப் பார்த்து எழுதியவர். அம்மற்றொருவர் எதைப் பார்த்தார் என்பது அந்நூலில் இல்லை. ஒருவர் வாய்ச்சொல்லை ஒருவர் வாங்கி வாங்கி, நூறு கை மாறிய நாணயம்போல் முத்திரை தேய்ந்த செய்தி ஒன்றையே யாம் பிள்ளைகட்கு வழங்கியிருந்தோம். அன்று அப்பெண்ணிடம், “அடுத்த ஞாயிறு பார்த்து வந்து சொல்கின்றேன்” என்று கூறி வீடு சேர்ந்தோம். அந்த ஒரு வாரத்தில் யாம் கண்டதும், அதன்பின் தொடர்ந்து தேடியதில் அறிந்ததும் இவ்வியாசத்தின் பொருளாகும்.

முன்னாளில் இத்தகைய ஐயம் ஒருவர்க்கு எழுந்தால் அதைத் தீர்ப்பது எளிதன்று. கன்னிமாராப் புத்தகசாலைக்கோ எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கோ பயணப்பட வேண்டும். அநுமதிச் சீட்டுப் பெறவேண்டும். கேட்ட புத்தகம் “இடத்தில் இல்லை” என்று திரும்பி வராதிருக்க வேண்டும். எம் இளமையில் ஒரு சிறு நூலுக்காக மூன்று முறை சென்னைக்குச் சென்று வெறுங்கையோடு மீண்டதுண்டு. இப்பொழுதோ எம் பேரன் தன் கைப்பேசியை எம்மிடம் நீட்டி, “தாத்தா, என்ன பெயர் போட்டுத் தேடவேண்டும்?” என்றான். பெயரைச் சொன்னோம். வந்தவையெல்லாம் எம்மைப் போன்றோர் எழுதிய வியாசங்களே! அனைவரும் எம்மைப்போலவே பெருமிதம் அடைந்திருந்தனர். ஒருவரேனும் கல்வெட்டின் வாசகத்தைக் காட்டினாரில்லை.

இரண்டு நாள் வீணாயின பிறகே ஒரு சூட்சுமம் புலப்பட்டது. நூறு வருஷங்கட்கு முந்திய ஆங்கில அறிக்கைகளில் நம் ஊர்ப்பெயர்கள் இக்காலத்து எழுத்துக்கூட்டலில் இரா. திருநெல்வேலி ‘டின்னவெல்லி’ என்றும், திருச்சிராப்பள்ளி ‘டிரிச்சினாப்பொலி’ என்றும், தஞ்சாவூர் ‘டேஞ்சூர்’ என்றும் கிடக்கும். உத்தரமேரூரும் அக்காலத்தே ‘உத்தரமல்லூர்’ என்று வழங்கியது. அப்பழம் பெயரை ஆங்கில எழுத்தில் இட்டுத் தேடிய மாத்திரத்தில், இந்தியத் தொல்பொருள் துறையாரின் 1904–05 ஆம் வருஷத்து அறிக்கை கிடைத்தது. அதில் வெங்கையர் என்னும் சாசன அறிஞர் அக்கல்வெட்டுக்களை மொழிபெயர்ப்போடு வெளியிட்டிருக்கின்றார். பின்னர் நீலகண்ட சாஸ்திரியார் 1932 இல் வெளியிட்ட சோழர் ஆட்சி பற்றிய ஆராய்ச்சி நூலும் அகப்பட்டது. இரண்டையும் இரவு முழுதும் படித்தோம்.

படிக்கப் படிக்க எம் பெருமிதம் ஒருபுறம் குறைந்தது. வியப்போ மறுபுறம் வளர்ந்தது. கல்வெட்டு ஒன்றன்று, இரண்டு. இரண்டும் உத்தரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில் உள்ளவை. முதலாம் பராந்தக சோழனின் 12 ஆம் ஆட்சியாண்டில் ஒன்றும் 14 ஆம் ஆட்சியாண்டில் மற்றொன்றும், அஃதாவது கி.பி. 919, 921 அளவில் வெட்டப்பெற்றவை. அவ்வூர் ஒரு சதுர்வேதிமங்கலம். அதன் சபை பிராமணர் சபை. ஊர் 30 குடும்புகளாக, இக்காலத்து வார்டுகளைப்போல, பகுக்கப்பட்டிருந்தது. குடவோலையிற் பெயர் எழுதப்பெறுதற்கு உரியவன் யாவன்? கால்வேலிக்கு மேற்பட்ட இறை செலுத்தும் நிலம் உடையவன்; சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருப்பவன்; வேதம் பயின்று பிறர்க்கும் ஓதுவிக்க வல்லவன்; 35 வயதுக்கு மேலும் 70 வயதுக்கு உட்பட்டும் இருப்பவன். நிலம் அரைக்கால் வேலியே ஆயினும், ஒரு வேதத்தோடு பாஷ்யம் ஒன்றும் கற்றிருந்தால் அவனும் சேர்க்கப்படுவான். கடந்த மூன்று வருஷங்களுக்குள் வாரியம் செய்தவன் கூடாது. முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதவன் கூடாது. கணக்குக் காட்டாதவனுடைய நெருங்கிய உறவினரும் கூடார்.

இனி, தேர்ந்த முறையைக் கேளுங்கள். ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையார் பெயர்களை ஓலைகளில் எழுதி, அவ்வோலைகளை ஒரு கட்டாகக் கட்டி, மேலே குடும்பின் பெயரெழுதிய வாயோலை ஒன்றை வைத்துக் குடத்தில் இடுவர். இளையோரும் முதியோருமாக மகாசபை நிறையக் கூடும். அன்று ஊரிலுள்ள கோயில் நம்பிமார் ஒருவரும் ஒழியாமல் மண்டபத்தில் வந்திருக்கவேண்டும். அவருள் மூத்தவர் எல்லாரும் காணும்படி குடத்தை உயர எடுத்து நிற்பார். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஒருவனைக் கொண்டு ஒரு கட்டை எடுப்பித்து, அதை வேறொரு வெறுங்குடத்தில் இட்டுக் குலுக்கி, அதிலிருந்து ஓர் ஓலையை அச்சிறுவனாலேயே வாங்குவிப்பர். அவ்வோலையை மத்தியஸ்தன் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையிலே ஏற்று, உரக்கப் படிப்பான். பின்பு நம்பிமார் அனைவரும் அதையே படிப்பர். அதன்பிறகே அப்பெயர் ஒப்புக்கொள்ளப்படும். இங்ஙனம் 30 குடும்புக்கும் 30 பேர். அவருள் 12 பேர் சம்வத்சர வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். பதவிக்காலம் 360 நாள்.

ஐந்து விரலையும் விரித்து என்ற இடத்தில் யாம் நெடுநேரம் நின்றுவிட்டோம். கைக்குள் வேறோர் ஓலையை ஒளித்து வைத்து மாற்றிவிடலாமன்றோ? யாரோ ஒருவன் என்றோ அப்படிச் செய்திருக்கவேண்டும். அல்லது செய்யக்கூடும் என்று சபையார் அஞ்சியிருக்கவேண்டும். எந்த வியாசத்திலும் இந்த விரல்களை யாம் கண்டதில்லை. மூலத்தைப் படித்தவர்க்கே அந்த மண்டபமும், குடமும், வாய்திறந்து பார்த்து நிற்கும் சிறுவனும் கண்முன் தோன்றும்.

ஆயின் எம் பழைய வியாசத்தின் கதி யாது? இது ஓட்டன்று, திருவுளச்சீட்டு. ‘அனைவரும்’ என்றது பிழை. நிலமும் வீடும் வேதக் கல்வியும் உடைய ஆடவர்க்கே அது உரியது. நம் மரபினர் எவரும் அக்குடத்திற் பெயரிடப்பெற்றிருக்க வழியில்லை. ‘பண்டைத் தமிழ்க் கிராமத்தார்’ என்று பொதுப்படக் கூறியதும் தகாது. ஒரு வகை ஊரின் ஒரு சபையைப் பற்றிய சாசனம் அது. இவற்றையெல்லாம் அடுத்த ஞாயிறு அம்மாணவியிடம் ஒளியாமல் கூறினோம். அவள் சற்றும் வருந்தினாளில்லை. “அப்படியானால் கணக்குக் காட்டாதவனுடைய மைத்துனனும் நிற்கக்கூடாதா, ஐயா?” என்று கேட்டுச் சிரித்தாள். நிருவாகக் குழுவினர் சிலர் அங்கே அமர்ந்திருந்தனர். அவரும் சிரித்தனர், சற்றுக் காலந்தாழ்த்தே சிரித்தனர்.

நிற்க. மூலம் என்பது யாது என்பதை ஈண்டுச் சிறிது கூறல்வேண்டும். ஒரு நிகழ்ச்சி நடந்த காலத்தே, அதனோடு தொடர்புடையார் எழுதியோ வெட்டியோ விட்டுச் சென்றது மூலம். கல்வெட்டு, செப்பேடு, நாட்குறிப்பு, கடிதம், பத்திரம், கணக்கு, தீர்ப்பு, அக்காலத்துப் பத்திரிகை, இவையெல்லாம் அவ்வகையின. அதைப் பார்த்துப் பின்வந்தோர் எழுதுவது வழிநூல். வழிநூல் வேண்டாவென்று யாம் கூறவில்லை. வெங்கையரும் சாஸ்திரியாரும் இல்லையேல் யாம் ஓர் எழுத்தும் படித்திரோம். வழிநூல் வந்த வழியைக் காட்டவேண்டும் என்பதே எம் கருத்து.

இனி, வீட்டில் இருந்தபடியே இவை கிடைக்குமிடங்கள் சிலவற்றைச் சொல்வோம். அமெரிக்கா தேசத்து ஸான் பிரான்ஸிஸ்கோ நகரில் 1996 இல் தோன்றிய ‘இன்டர்நெட் ஆர்க்கைவ்’ என்னும் நிலையத்தில், இந்திய நூலகங்களிலே படமெடுக்கப்பட்ட பழம் புத்தகங்கள் கணக்கின்றிச் சேர்ந்திருக்கின்றன. ஹூல்ஷ் துரை 1890 இல் தொடங்கி வெளியிட்ட தென்னிந்தியச் சாசனத் தொகுதிகள் அங்கே உள. அவற்றின் இரண்டாந் தொகுதியைத் திறந்தால் தஞ்சைப் பெரிய கோயிற் சாசனங்களைக் காணலாம். தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயர்களும், அவர் குடியிருந்த தெருவும் சிறகும், முன்பு இருந்த கோயிலும், ஒருவர்க்கு ஆண்டுக்கு 100 கலம் நெல் என்னும் பங்கும் அதில் வரிசையாக நிற்கும். ராஜராஜனைப் பற்றிப் பேசுவோர் பலர். அவன் எழுதுவித்த அந்நானூறு பெயர்களில் ஒன்றையேனும் சொல்ல வல்லார் மிகச் சிலரே.

புதுச்சேரியில் டூப்ளேயின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையவர்கள் 1736 முதல் 1761 இல் தாம் காலமாகும் வரை எழுதிய நாட்குறிப்பின் ஆங்கில மொழிபெயர்ப்பு 12 பாகங்களும் (1904–1928) அங்கேயே அகப்படும். போர்ச் செய்தியும், துணி வியாபாரமும், வீட்டு விசேஷமும், ஊர் வம்பும் ஒருங்கே கலந்த அதனைப் பிள்ளைகள் கதைபோல் கேட்கின்றனர். ஆயினும் ஆங்கிலத்தை மீண்டும் தமிழாக்கிப் பிள்ளையின் வாக்கென்று காட்டுதல் ஆகாது. அவர் தமிழிலேயே எழுதினார், அத்தமிழும் அச்சேறியுள்ளது. அதைத் தேடிப் பார்த்தபின்னரே மேற்கோள் காட்டுதல் முறை.

தமிழ் இணையக் கல்விக்கழகத்தாரின் மின்னூலகத்தைத் தமிழறிந்தார் எவரும் அறிந்திருத்தல் நன்று. பழம்புத்தகங்களும் பத்திரிகைகளும் அங்கே எவர்க்கும் இலவசமாகத் திறந்து கிடக்கின்றன. 1998 இல் தொடங்கிய மதுரைத் திட்டம் இலக்கிய நூல்களைத் தட்டெழுத்தில் தருகின்றது. யாழ்ப்பாணத்தார் முதலிய ஈழத்தமிழரின் எழுத்துக்களுக்கு நூலகம் என்னும் தளம் பெருங்களஞ்சியம். சென்னையிலுள்ள ரோஜா முத்தையா நூலகம், செட்டிநாட்டுக் கோட்டையூரில் தனி மனிதர் ஒருவர் வாழ்நாளெல்லாம் சேர்த்து வைத்த புத்தகங்களினின்று எழுந்தது. அவர் 1992 இல் காலமான பிறகு அச்சேகரம் சிதறாமல் காக்கப்பட்டது. அங்கே திருமண அழைப்பும் நாடக நோட்டீசும்கூடச் சரித்திரமே.

நம்மனோர்க்கு மிகவும் அணுக்கமானது வேறொன்று. லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தார் அழியும் நிலையிலுள்ள ஆவணங்களைப் படமெடுத்துக் காக்கும் பணியொன்றை 2004 முதல் நடத்திவருகின்றனர். அதன்கீழ்த் தமிழ்நாட்டுக் கிராம, ஜாதிப் பஞ்சாயத்துக்களின் தீர்ப்புகளை, 1870 முதல் 1940 வரையுள்ள காலத்தை மையமாகக் கொண்டு, வீடுவீடாகத் தேடிப் படியெடுத்த ஒரு திட்டமும் நடந்தது. நம் பாட்டனார் காலத்தில் யார் யாரை ஊர்விலக்கம் செய்தனர், எதற்கு அபராதம் விதித்தனர், யார் கைந்நாட்டு வைத்தனர் என்பன இத்தகைய காகிதங்களிலேதான் உறங்குகின்றன. பெருமை பேசும் நூல்கள் இவற்றின் பக்கம் போவதில்லை.

தேடுவோர் படும் இடர்களும் உள. 1978 க்கு முன் அச்சான தமிழ் நூல்களில் ‘னை’, ‘லை’, ‘றா’ முதலிய எழுத்துக்கள் பழைய வடிவின. அச்சும் மங்கியிருக்கும். ஆதலின் படத்தை எழுத்தாக மாற்றும் இயந்திரம் தடுமாறுகின்றது. சொல்லை இட்டுத் தேடினால் “இல்லை” என்று வரும். ஏட்டைப் புரட்டினால் மூன்றாம் பக்கத்திலேயே இருக்கும். பொறுமையாகப் புரட்டுவதற்கு ஈடான கருவி இன்னும் வரவில்லை. கேட்ட கேள்விக்கு நொடியில் அழகிய தமிழில் விடை கூறும் செயற்கை அறிவுக் கருவிகளும் இப்போது வந்துள. அவற்றில் ஒன்றை உத்தரமேரூரைப் பற்றி யாம் வினவியபோது, எம் பழைய வியாசத்தையே இன்னும் சிறந்த நடையில் எமக்குத் திருப்பி ஓதிற்று. எந்த ஏடு, எத்தனையாம் பக்கம் என்று கேட்டுப் பார்க்கவேண்டும். சொன்ன பக்கத்தைத் திறந்தும் பார்க்கவேண்டும்.

இணையத்தில் இருப்பது என்றும் இருக்கும் என்றும் எண்ணற்க. 2023 அக்டோபரில் பகைவர் கணினி வழியே தாக்கியதனால் பிரிட்டிஷ் நூலகத்தின் தளங்கள் நெடுங்காலம் முடங்கிக் கிடந்தன. 2024 அக்டோபரில் இன்டர்நெட் ஆர்க்கைவ் நிலையத்துக்கும் அக்கதி நேர்ந்து, சில நாள் அடைபட்டிருந்தது. வேண்டிய ஏடு கண்ணிற்பட்ட அன்றே, தலைப்புப் பக்கத்தோடும் வருஷத்தோடும் படியிறக்கி வைத்துக்கொள்வது நலம். தலைப்புப் பக்கத்தை விட்டுவிட்டு உள்பக்கத்தை மட்டும் படம்பிடித்து அனுப்புவோர், தந்தை பெயரின்றிப் பிள்ளையைப் பள்ளியில் விடுவோரை ஒப்பர்.

இனி, சங்கத்தார் பலர் எம்மேற் கோபம் கொண்டிருக்கும் விஷயத்துக்கு வருகின்றோம். நம் குல வரலாறு அச்சிடும் குழுவில் எம்மையும் அமர்த்தினீர்கள். நம் முன்னோர்க்கு ஓர் அரசர் நாடு வழங்கியதாகக் கூறும் செப்பேடு ஒன்றின் படம் வாட்ஸ்அப் வாயிலாக நம் இல்லங்கள்தோறும் சுற்றியதை அறிவீர்கள். அதனை முதற்பக்கத்தில் வெளியிடவேண்டும் என்று பெரியோர் விரும்பினர். யாம் சாசனத் துறையாரின் வருடாந்தர அறிக்கைகளை ஆண்டு ஆண்டாகப் புரட்டினோம். அதனைப் பற்றிய குறிப்பு ஒன்றும் கண்டிலோம். செப்பேடு எவர் கையில் உள்ளது என்று வினவினோம். ஒவ்வொருவரும் மற்றொருவரைச் சுட்டினர். படத்திலுள்ள எழுத்தைக் கல்வெட்டெழுத்து அறிந்த ஒருவரிடம் காட்டியபோது, அஃது அவ்வரசன் காலத்து எழுத்தன்று என்றார். ஆதலின் அது நூலில் இடம்பெறலாகாது என்று யாம் கையெழுத்திட்டோம். “நம் குலத்தின் பெருமையை நம்மவரே குறைக்கலாமா?” என்று எம் தமையனார் முறையுள்ள பெரியவர் ஒருவர் எம் இல்லத்துக்கே வந்து கேட்டார். அவர்க்குக் காபி கொடுத்தோம். விடை கொடுக்க இயலவில்லை. இப்போது கொடுக்கின்றோம். அண்ணா, அயலார் ஒருவர் நாளை அப்படத்தைப் பொய்யென்று காட்டுவாராயின், நூலில் மெய்யாக உள்ளவற்றையும் எவர் நம்புவார்?

ஜனக்கணக்கு அறிக்கைகளின் விஷயமும் இத்தகையதே. 1871 முதல் 1931 வரை வெளிவந்த சென்னை மாகாணத்து அறிக்கைகள் இணையத்தில் உள. 1909 இல் தர்ஸ்டன் துரை, ரங்காசாரியார் துணையோடு வெளியிட்ட தென்னிந்திய ஜாதிகள் பற்றிய ஏழு பாகங்களும் உள. நம்மவர் இவற்றில் நம்மைப் புகழ்ந்த வரியை மட்டும் வெட்டியெடுத்துப் போற்றுகின்றனர். இகழ்ந்த வரியைக் கண்டால் “வெள்ளைக்காரன் பொய்” என்கின்றனர். இரண்டும் ஒரே பேனா எழுதியவை. அத்துரை ஆட்களை நிறுத்தி மூக்கின் நீள அகலத்தை அளந்து ஜாதிகளை ஆராய்ந்தவர் என்பதை மறவாமல் படித்தால், நம்மைப் பற்றி அறிவதினும் அவர் காலத்து அதிகாரிகளின் மனத்தைப் பற்றி மிகுதியாக அறியலாம். 1901 ஆம் வருஷத்துக் கணக்கெடுப்பில் ரிஸ்லி துரை ஜாதிகளை உயர்வு தாழ்வு வரிசையில் நிறுத்த முற்பட்டதும், நாடெங்கும் ஜாதிச் சங்கங்கள் தத்தம் வருணத்தை உயர்த்தி எழுதக் கோரி விண்ணப்பங்கள் அனுப்பலாயின. அவ்விண்ணப்பங்களும் மூலங்களே. ஆனால் அவற்றில் கண்ட பழம்பெருமை அப்பழங்காலத்துக்குச் சான்றாகாது. விண்ணப்பம் எழுதிய காலத்தில் எழுதினோர் எதனை வேண்டி நின்றனர் என்பதற்கே சான்றாகும். நம் சங்கத்துப் பழைய மகாநாட்டு அறிக்கைகளையும் அக்கண்கொண்டே படித்தல்வேண்டும் என்று கூறினால் சிலர்க்குக் கசக்கும். யாமும் கசந்தே விழுங்கினோம்.

பிள்ளைகட்குக் கற்பிக்கும் வகையில் யாம் இப்போது கைக்கொண்டிருக்கும் முறை மிக எளியது. முதலில் விளக்கம் கூறுவதில்லை. உத்தரமேரூரின் இரண்டு கல்வெட்டுக்களையும் பிரதியெடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வேறுபாடு யாதென்று கேட்கின்றோம். முன்னதில் வயது 30 முதல் 60 வரை; பின்னதில் 35 முதல் 70 வரை. பின்னதில் விலக்கப்படுவோர் வரிசையும் நீண்டுவிட்டது. இரண்டே வருஷத்தில் ஏன் மாற்றினர்? ஒரு பையன், “இளைஞர்கள் குழப்பம் செய்திருப்பார்கள்” என்றான். மற்றொருவன், “கிழவர்கள் தங்களைச் சேர்த்துக்கொண்டிருப்பார்கள்” என்றான். காரணத்தைக் கல் எங்கே கூறுகின்றது என்று காட்டச் சொன்னோம். நெடுநேரம் தேடி, “கூறவில்லை” என்றனர். ‘கல் கூறியது’ என்று ஒரு பத்தியும், ‘யாம் ஊகித்தது’ என்று ஒரு பத்தியும் நோட்டில் எழுதச் செய்தோம். முதற் பத்தி சிறிதாகவும் இரண்டாம் பத்தி பெரிதாகவும் அமைந்தன. எம் பழைய வியாசத்தையும் அவ்வாறே பிரித்துப் பார்க்கும்படி அம்மாணவி கேட்டாள். பிரித்தோம். முதற் பத்தியில் ஊர்ப்பெயரும் அரசன் பெயருமே எஞ்சின.

வருகின்ற மாதத்து இரண்டாம் ஞாயிறு காலை பத்து மணிக்குச் சங்கக் கட்டிடத்தில் படமெடுக்கும் கருவியோடு இரண்டு இளைஞர் அமர்ந்திருப்பர். பரணிலும் பெட்டியிலும் கிடக்கும் பழைய பத்திரம், பஞ்சாயத்துத் தீர்ப்பு, கல்யாண மொய்க் கணக்கு, ரங்கூன், பினாங்கு முதலிய இடங்களினின்று வந்த கடிதம், ஏட்டுச் சுவடி எதுவாயினும் அன்பர்கள் கொண்டுவரலாம். கிழிந்தது, கறையான் அரித்தது, நம் குடும்பத்துக்குப் பெருமை தராதது என்று ஒதுக்கவேண்டா. ஏடுகளுக்கு எண்ணெய் பூசியோ, காகிதங்களை வெயிலில் உலர்த்தியோ கொண்டுவரவேண்டா. உள்ளபடியே துணியில் சுற்றிக் கொணர்க. படம் எடுத்தவுடன் மூலம் உரியவர் கையிலேயே திருப்பித் தரப்படும். கொண்டுவந்தவர் பெயர், ஊர், அது வீட்டுக்கு வந்த வகை ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள அம்மாணவி ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வாயிலில் அமர்ந்திருப்பாள். அவள் கேட்கும் கேள்விகட்குப் பெரியோர் சற்றுப் பொறுமையோடு விடை கூறுமாறு வேண்டுகின்றோம்.